42 கிலோமீட்டருக்கு மொய் எழுதுவது எப்படி

மாரத்தானுக்குப் பதிவு செய்தாயிற்று, ஒரு நல்ல காரியத்துக்காக ஓடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று. அடுத்து என்ன செய்வீர்கள்? நீங்கள் நிதி திரட்டித் தரப்போகும் தொண்டு அமைப்பு கொடுத்த நன்கொடை லிங்க்கை எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழு, அபார்ட்மென்ட் குழு, காலேஜ் குழு என்று எல்லா இடத்திலும் போடுவீர்கள். நிறைய கட்டைவிரல் வரும், கும்பிடு வரும், "ஆல் தி பெஸ்ட் ப்ரோ" வரும். பணம் வராது.

இதை வைத்து நம் ஆட்கள் கஞ்சர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்கள் லிங்க்கைக் கண்டுகொள்ளாத அதே அத்தை, போன வாரம்தான் ஒன்றுவிட்ட சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்கு 2,001 ரூபாய் மொய் வைத்துவிட்டு வந்திருப்பார். அங்கே ஒரு விசேஷம் இருந்தது, வீடு தேடி வந்து அழைத்தார்கள், கொடுத்ததை நோட்டில் பெயர் போட்டு எழுதினார்கள், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். குழுவில் போட்ட லிங்க்கில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. கீழே சொல்லியிருக்கும் வழிகள் எல்லாமே இந்த நான்கையும் உங்கள் ஓட்டத்துக்குள் கொண்டுவருகிற வேலைதான்.

வெளிநாடுகளில் இது வேறு மாதிரி. 2024 லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் மொத்தமாகத் திரட்டியது 7 கோடியே 35 லட்சம் பவுண்ட். அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளே ஸ்பான்சர் தாளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பழகியவர்கள், அதனால் யாரும் காரணம் கேட்பதில்லை. இங்கே முதல் கேள்வியே "நீ ஓடுறதுக்கு நான் எதுக்குப்பா காசு குடுக்கணும்?" என்றுதான் வரும். நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். "நுழைவுக் கட்டணம், ஷூ, டிக்கெட் எல்லாம் என் செலவு மாமா, நீங்க குடுக்கிறது அப்படியே அந்த அமைப்பு பார்த்துக்கிற பிள்ளைங்களுக்குப் போகும், எனக்கு இதுல ஒரு டீ கூடக் கிடையாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

ஆரம்பிக்கும் முன்னால் கணக்கு வழக்கு

இது போரடிக்கும் பகுதி, ஆனால் இதில் கோட்டைவிட்டால் பின்னால் பெயர் கெடும்.

எந்த அமைப்புக்காகத் திரட்டுகிறீர்களோ அவர்களிடம் 80ஜி பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும், பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்த தொகையில் பாதி அளவுக்கு, அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. இரண்டு விஷயங்களை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கழிவு, புதிய முறைக்கு மாறிவிட்டவர்களுக்குக் கிடையாது. அடுத்து, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு செல்லாது. இதைச் சொல்லாமல் "டாக்ஸ் பெனிஃபிட் இருக்கு சார்" என்று வாங்கிவிட்டால், ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அவர் உங்களைத்தான் தேடுவார்.

பெரிய தொகை எதையும் உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள். உங்கள் கணக்குக்கு வந்து அங்கிருந்து அமைப்புக்குப் போனால் ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு ஒன்றும் இருக்காது. 1,000 ரூபாய்க்கு மேல் தருபவர்களை நேராக அமைப்பின் பக்கத்துக்கே அனுப்பிவிடுங்கள், பான் எண்ணை அங்கேயே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும். இட்லி விருந்தில் வந்த நூறு ரூபாய், பழைய பேப்பர் விற்ற காசு மாதிரி (இரண்டையும் பின்னால் சொல்கிறேன்) சில்லறை மட்டும் உங்கள் கைக்கு வரட்டும், அதையும் வாராவாரம் கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுங்கள். இன்னொன்று, நிதி திரட்டும் தளங்கள் சிலவற்றில் கொடுக்கும்போது "டிப்" என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். அது தளத்துக்குப் போகிற காசு, வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம் என்று லிங்க் அனுப்பும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், லண்டன் சித்தி விஷயத்துக்கு வருவோம். இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் இதற்கென்று வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்க முடியும். "அண்ணா, என் அக்கவுண்டுக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

எதற்காக என்பதை ஒரே வரியில்

"சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்றெல்லாம் எழுதினால் யாரும் பையில் கைவிட மாட்டார்கள். கோவை மாரத்தான் ஆரம்பத்திலிருந்தே கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிறது, சென்னை மாரத்தான் அண்மைக் காலத்தில் டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. மும்பையில் ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடக்கும் டாடா மும்பை மாரத்தானில் ஏராளமான அமைப்புகள் இருக்கின்றன, உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். எதை எடுத்தாலும் அந்த அமைப்பைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு ஆளுக்கு, ஒரு மாசத்துக்கு என்ன செலவு ஆகுது?" டைப் 1 குழந்தைக்கு உடம்பில் இன்சுலின் சுரக்காது, உயிரோடு இருக்கும் வரை தினமும் ஊசி வேண்டும், சர்க்கரை பார்க்க ஸ்ட்ரிப் வேண்டும். ஒரு மாத மருந்துக்கு இவ்வளவு என்று அவர்கள் ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகைதான் இனி உங்கள் பேச்சு முழுக்க.

கேட்கும் தொகை தெளிவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெரி ஃபாக்ஸைச் சொல்லலாம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர். 1980இல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்கு முனையிலிருந்து ஓட ஆரம்பித்து 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம், அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் சேர்ந்த பணமும் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் பெயரில் நம் சென்னை ஐஐடி வளாகத்திலும் ஓட்டம் நடந்திருக்கிறது. "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று அவர் கேட்டிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். முடிந்ததைக் கொடு என்றால் கொடுப்பவர் மனதில் நூறா ஆயிரமா என்று குழப்பம் வரும், குழப்பம் வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

கிலோமீட்டரை விற்பது

என்னைக் கேட்டால் இதை விட நல்ல வழி கிடையாது. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஒரு ஆளுக்கு விற்றுவிடுங்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒரே பெயர்தான். ஒரு நோட்டு வாங்கி (நீளவாக்கில் மடிக்கிற மொய் நோட்டே வாங்குங்கள், ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும்) 1 முதல் 42 வரை எண் போட்டு, விற்க விற்கப் பெயர் எழுதி, வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வையுங்கள். காலியாக இருக்கும் எண்களைப் பார்த்ததும் சிலருக்குக் கை அரிக்கும். கல்யாண நாள் 18 என்றால் 18ஆவது கிலோமீட்டர் வேண்டும் என்பார், தோனி ரசிகர் 7 கேட்பார்.

விலையை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். முதல் 30 கிலோமீட்டர் 501 ரூபாய், 31 முதல் 42 வரை 1,001 ரூபாய். காரணம் கேட்டால் உண்மையையே சொல்லலாம்: உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 30, 32 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும், அதற்கு மேல் கால் நம் பேச்சைக் கேட்காது, அங்கேதான் ஆள் துணை வேண்டும். கடைசி 195 மீட்டரை ஏலம் விடுங்கள், 5,001க்குக் குறையாமல். கணக்குப் போட்டால் 15,030, அப்புறம் 12,012, அப்புறம் 5,001, மொத்தம் 32,043 ரூபாய். லட்சம் ரூபாய் இலக்கு என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு நோட்டிலேயே முடிந்துவிட்டது. சென்னையில் 20 மைல் ஓட்டமும் உண்டு, அதாவது 32 கிலோமீட்டர் சொச்சம். அரை மாரத்தான் ஓடினாலும் இதே முறைதான், விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டரை நாலு துண்டாக்கி விற்கலாம்.

501, 1,001 என்று அந்த ஒற்றை ரூபாயைச் சேர்ப்பது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. 500 என்றால் செலவு, 501 என்றால் மொய். கை தானாக வேறு மாதிரி நகரும்.

வாங்குகிறவருக்குத் திரும்ப என்ன கிடைக்கும்? ஓட்டத்தன்று அந்த 42 பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, வியர்வையில் ஊறாமல் இருக்க அகலமான செல்லோ டேப் ஒட்டி, முன்கையில் கட்டிக்கொண்டு ஓடுங்கள். கையில் இருக்கும் வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாகப் பதிந்துவைக்கும் இல்லையா, முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவருடைய கிலோமீட்டரின் நேரத்தை அனுப்புங்கள். "மாமா, உங்க 36ஆவது கிலோமீட்டரை 8 நிமிஷம் 10 செகண்ட்ல ஓடினேன், நடுவுல ஒரு நிமிஷம் நடந்தேன், பொய் சொல்ல மாட்டேன்." இந்த ஒரு மெசேஜுக்காகவே அடுத்த வருஷம் அவராகக் கேட்டு வாங்குவார்.

கேட்கிற விதம்

குழுவில் கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில், அதுவும் இல்லாவிட்டால் பெயர் சொல்லி ஆரம்பிக்கும் குரல் பதிவு. குழு என்பது கொடுத்து முடித்தவர்களுக்கு நன்றி சொல்ல மட்டும்.

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? சித்திக்கு முட்டி வலி எப்படி இருக்கு? ஜனவரியில நான் 42 கிலோமீட்டர் ஓடப் போறேன். ஆமா சித்தப்பா, நானேதான், சிரிக்காதீங்க. சர்க்கரை நோய் உள்ள சின்னப் பிள்ளைங்களுக்கு இன்சுலின் வாங்கிக் குடுக்கிற ஒரு அமைப்புக்காக. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பேர்னு எழுதிட்டு வர்றேன், 33ஆவது உங்க பேர்ல போடட்டுமா? ஆயிரத்து ஒண்ணு." இவ்வளவு போதும். போடட்டுமா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது முக்கியம். அந்த மௌனத்தில் நாமே "இல்ல பரவாயில்ல, அப்புறம் கூட..." என்று உளறிக் கெடுத்துவிடுவோம்.

ஆபீஸ் மேனேஜரிடம் முட்டி வலி எல்லாம் விசாரிக்க வேண்டாம். "சார், ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பித்து, எதற்கு, எவ்வளவு, ரசீது கிடைக்கும், என்றைக்குள் வேண்டும், நான்கே விஷயம். பள்ளிக்கூட நண்பர்களுக்கு எதுவும் விளக்கவே வேண்டாம், "டேய், 501 எடு" என்றால் போதும், அங்கே மரியாதையாகக் கேட்டால்தான் சந்தேகப்படுவார்கள்.

யாரிடம் முதலில் போவது? நோட்டு காலியாக இருக்கும்போது யாரும் முதல் பெயராக இருக்க விரும்ப மாட்டார்கள், அதுவும் முதலில் எழுதிய தொகையைப் பார்த்துத்தான் அடுத்தவர் தன் தொகையை முடிவு செய்வார். ஆகவே முதல் பெயர் உங்களுடையது, ஒரு நல்ல தொகையோடு. அடுத்த நாலைந்து பெயர்கள் நிச்சயம் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள், அப்பா, அக்கா, உயிர் நண்பன். அதன் பிறகுதான் வெளியே. மாதத்தில் முதல் வாரம் கேளுங்கள், 25ஆம் தேதி கேட்டால் கொடுக்க மனமிருப்பவருக்கும் சங்கடம்.

அழும் குழந்தை படம், ஆஸ்பத்திரிக் கட்டில் படம் எல்லாம் போட்டுக் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. பணம் வரலாம். ஆனால் அந்தக் குழந்தை பெரியவனானால் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பான்?

இட்லி மொய் விருந்து

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து போடுவார்கள், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள், பணம் எண்ண மெஷின்கூட வைத்திருப்பார்கள். வம்பன் நாலு ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் நிவாரண நிதிக்காக டீயிலேயே மொய் விருந்து நடத்தியது பத்திரிகைகளில் வந்தது. டீ குடித்துவிட்டு மனசுக்குத் தோன்றியதை பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதைத்தான் நாமும் செய்யப் போகிறோம், கறி இல்லாமல். மாரத்தான் பயிற்சியில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் எப்படியும் உண்டு. பெசன்ட் நகர், மெரினா, ஈசிஆர், கோவை என்றால் ரேஸ்கோர்ஸ், எங்கே ஓடினாலும் முடித்த பிறகு எல்லோருக்கும் அகோரப் பசி இருக்கும். ஒரு ஞாயிறு "இன்னைக்கு டிபன் என் வீட்ல" என்று உங்கள் ஓட்டக் குழுவையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழையுங்கள். இட்லி, வெண்பொங்கல், சட்னி இரண்டு வகை, சாம்பார், ஃபில்டர் காபி. வாசலில் ஒரு மேஜை, அதில் மொய் நோட்டு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு, அமைப்பின் க்யூஆர் கோடு ஒட்டிய அட்டை. மேஜையில் உட்கார்ந்து எழுதுவதற்கு நன்றாகக் குரல் கொடுக்கக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள். "மூன்றாவது மாடி ராமசாமி சார் ஐநூத்தி ஒண்ணு" என்று அவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், கல்யாண மண்டபத்தில் மைக்கில் சொல்வது போலவே. கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்தவர்கள் அதற்குக் குறையாமல் எழுதுவார்கள்.

இதில் மாவு, காய்கறி, காபித்தூள் செலவு உங்களுடையது. அதை மொய்ப் பணத்தில் கழிக்காதீர்கள், கழித்தால் யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நினைப்பார்கள். 40 பேருக்கு இட்லி மாவு பெரிய செலவு இல்லை. ஒரு விஷயம், இதை வீட்டுக்குள் விருந்தாக வையுங்கள். பூங்கா வாசலில் கடை போட்டு விலை வைத்து விற்க ஆரம்பித்தால் அது உணவு வியாபாரம், தற்காலிகக் கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்பார்கள்.

காலண்டரைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

நம் ஊர்ப் பெரிய ஓட்டங்கள் டிசம்பர், ஜனவரியில் வருவது ஒரு வசதி. அதற்கு முந்தைய ஆறு மாதம் முழுக்கத் திருவிழாதான்.

ஜூலையில் வருமான வரித் தாக்கல். உங்களுக்கு அந்த வேலை தெரியும் என்றால், ஆபீஸில் வரிப் படிவத்தைப் பார்த்து முழிக்கிற பத்துப் பேருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு 500 ரூபாயை அமைப்புக்குக் கட்டச் சொல்லலாம். தெரிந்த வேலையை விற்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான நிதி திரட்டல் என்பது என் எண்ணம். ஃபோட்டோ எடுப்பவர் குடும்பப் படம் எடுத்துத் தரலாம், கார் ஓட்டத் தெரிந்தவர் விடியற்காலை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரலாம் (ஓடுகிறவர்கள் எப்படியும் 4 மணிக்கு எழுந்துவிடுகிறோம்).

நவராத்திரி கொலுவுக்கு வருகிறவர்கள் கையில் சுண்டலோடு ஒரு சின்னச் சீட்டும் போகட்டும், எந்தக் கிலோமீட்டர்கள் இன்னும் மீதி என்று எழுதியது. ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னால் எல்லா வீட்டிலும் பரண் சுத்தம் செய்வார்கள். அப்போது அபார்ட்மென்ட்டில் பழைய பேப்பர் சேகரியுங்கள். இது கேவலமான யோசனை மாதிரித் தோன்றும், ஆனால் யாரும் தன் கையிலிருந்து காசு கொடுப்பதில்லை என்பதால் மறுப்பவரே இருக்க மாட்டார்கள். கிலோவுக்கு 10 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், 80 வீடு, வீட்டுக்கு 8 கிலோ, 6,400 ரூபாய் ஆகிறது. அட்டைப்பெட்டி, இரும்பு, உடைந்த பிளாஸ்டிக் சேர்ந்தால் இன்னும் மேலே. பேப்பர் கடைக்காரரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லி, வண்டியோடு வரச் சொல்லிவிடுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மார்கழியில் கோலப் போட்டி. நுழைவு 200 ரூபாய், 30 பேர் என்றால் 6,000. பரிசுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், தெருமுனைப் பாத்திரக் கடை, துணிக் கடையில் கேளுங்கள். சின்னக் கடைக்காரர்களிடம் காசு கேட்பதை விடப் பொருள் கேட்பது சுலபம், முதலாளி கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பார், கேட்ட இடத்திலேயே சரி என்பார். பெரிய பிராண்டுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஓட்டமே முடிந்துவிடும். நடுவராகக் குடியிருப்பிலேயே வயதில் மூத்த பாட்டியைப் போடுங்கள், தீர்ப்பை எதிர்த்து ஒரு குரல் எழாது.

குலுக்கல் மட்டும் வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த மாதிரி வழிகாட்டி எதைத் திறந்தாலும் டிக்கெட் விற்று, சீட்டு எடுத்து, பரிசு கொடு என்று இருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை, காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தில் பரிசு கொடுப்பது நல்ல காரியத்துக்கே ஆனாலும் வம்பு. அதற்குப் பதிலாக நீங்கள் எத்தனை மணி நேரத்தில் முடிப்பீர்கள் என்று கணிக்கிற போட்டி வையுங்கள். கலந்துகொள்ளக் காசு கிடையாது, மணி, நிமிடம், விநாடி சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னவருக்கு உங்கள் செலவில் நெய் ரோஸ்ட். கணிப்பு அனுப்பியவர் உங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பத்து நாள் யோசிப்பார், அப்போது கேட்டால் மறுக்க மாட்டார்.

பந்தயம், மொட்டை, வேட்டி

ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் பலிக்கும். "50,000 தாண்டினால் வேட்டி கட்டி ஓடுகிறேன்", "75,000 தாண்டினால் எங்கள் டீம் லீட் மீசையை எடுப்பார்", "லட்சம் தொட்டால் மொட்டை". மொட்டை நமக்குப் புதிதா என்ன, வேண்டுதல் என்று சொன்னால் வீட்டிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முக்கியமான விஷயம், மேலே இருப்பவர் தலையைத்தான் பணயம் வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனை மொட்டை அடிக்கச் சொன்னால் அது நிதி திரட்டல் இல்லை, ராகிங். யார் தலையாக இருந்தாலும் முதலில் அவரிடம் தனியாகக் கேட்டு, முழு மனதோடு சரி என்றால் மட்டும் அறிவியுங்கள்.

உடை மாற்றி ஓடுவது விளையாட்டு இல்லை. 2017 ஹைதராபாத் மாரத்தானில் ஜெயந்தி சம்பத்குமார் கைத்தறிப் புடவையில் முழு 42 கிலோமீட்டரையும் ஐந்து மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார், கைத்தறியைப் பற்றிப் பேச வைக்க வேண்டும் என்பதற்காகவே. அதற்குப் பின்னால் பயிற்சி இருக்கிறது. வேட்டியோ புடவையோ, குறைந்தது இரண்டு நீண்ட ஓட்டமாவது அதிலேயே ஓடிப் பாருங்கள். கரை உரசும் இடத்தில் தோல் உரிந்துவிடும், வாஸ்லினைத் தாராளமாகத் தடவ வேண்டும், தார்ப்பாய்ச்சிக் கட்டுவது மேல். சென்னை ஈரப்பதத்தில் நனைந்த பருத்தி எவ்வளவு கனக்கும் என்பது 15ஆவது கிலோமீட்டரில் புரியும்.

ஆபீஸ் என்றதும் இன்னொன்று. ஓஎம்ஆரில் இருக்கும் பல நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்க நிறுவனங்களின் கிளைகள், ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. அரைவாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எச்ஆரிடம் கேளுங்கள். இருந்தால், உங்கள் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரையும் அந்த வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள், 1,001 கையில் வாங்கினால் 1,001தான், அந்த வழியில் 2,002. நிறுவனம் அந்த அமைப்பைச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்க வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே இதை முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

ஓட்டத்துக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும்

முந்தின வாரம் புதிதாக யாரையும் துரத்தாதீர்கள், தூங்குங்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொடுத்தவர்களுக்கு ஓட்டம் எத்தனை மணிக்கு, எந்த வழி, உங்கள் பிப் எண் (பனியனில் குத்திக்கொள்ளும் எண்) என்ன என்று அனுப்பிவிடுங்கள், பெரும்பாலான ஓட்டங்களில் எண்ணைப் போட்டால் நேரலையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கலாம். அதிகாலையில் எழுந்து பார்க்கிற மாமா ஒருவராவது இருப்பார், அவர் குடும்பக் குழுவில் "பையன் 21 தாண்டிட்டான்" என்று போடுவார். நீங்கள் ஒரு மாதம் கெஞ்சினதை விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஒருவேளை பாதியில் நின்றுவிட்டால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பணம் அமைப்புக்குத்தான் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம். காசு வாங்கிவிட்டோமே என்று பிடித்த தசையோடு இழுத்துக்கொண்டு ஓடி முட்டியைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

முடித்த அன்றே மெடலோடு ஒரு படம் எடுத்து, லிங்க்கோடு போடுங்கள். இப்போது குழுவிலேயே போடலாம். "தர்றேன் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் கொடுப்பார்கள், அதனால் நன்கொடைப் பக்கத்தை ஓட்டத்தன்றே மூடிவிடாமல் இன்னும் இரண்டு வாரம் திறந்து வைக்கச் சொல்லி அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்னால் வருகிற ஜனவரி ஓட்டம் என்றால் பொங்கலுக்குச் சொந்த ஊர் போவீர்கள், நோட்டையும் மெடலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மீதிக் கிலோமீட்டர் எதுவும் இருந்தால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் விற்றுவிடலாம்.

அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவருடைய கிலோமீட்டர் நேரம், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, அது எத்தனை மாத மருந்துக்கு ஆகும் என்ற கணக்கு, ரசீது வந்ததா என்ற விசாரிப்பு. ரசீது வராதவர்கள் பட்டியலை அமைப்புக்கு நீங்களே அனுப்பித் தொந்தரவு செய்து வாங்கிக் கொடுங்கள். நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் யாராவது ஒருவர் அடுத்த வருஷம் சைக்கிள் ஓட்டுகிறேன், பள்ளிக்கூடத்துக்கு கழிப்பறை கட்டுகிறோம் என்று உங்களைக் கூப்பிடுவார், அப்போது அவர் எவ்வளவு எழுதினார் என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு நூறு சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.